வீட்டிலிருந்தே வேலை பார்க்கக் கேட்பது எப்படி? செட்டிநாட்டு மாற்றுத்திறனாளி ஊழியர்களுக்கான கேள்வி பதில்

காரைக்குடி, தேவகோட்டை, பள்ளத்தூர், புதுவயல் என்று சுற்றுவட்டாரத்திலிருந்து இந்த விஷயமாக என்னைத் தேடி வருகிறவர்கள் பலரும் ஒரே கேள்வியில்தான் தொடங்குகிறார்கள்: "கேட்டால் இருக்கிற வேலையும் போய்விடுமோ?" அந்தப் பயம் எனக்குத் தெரியும். 2019-ல் ஒரு ஸ்கூட்டர் விபத்தில் என் முதுகுத்தண்டில் அடிபட்டது. அப்போது சென்னையில் ஒரு தனியார் நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் இருந்தேன். ஊரடங்குக் காலத்தில் எல்லோரையும் போல நானும் ஊருக்கு வந்து வீட்டிலிருந்தே வேலை பார்த்தேன். 2022-ல் அலுவலகம் திரும்ப அழைத்தபோது என்னால் போக முடியவில்லை. முதல்முறை கேட்டு மறுக்கப்பட்டேன்; இரண்டாம் முறை கேட்டுப் பெற்றேன். இரண்டுக்கும் நடுவில் கற்றுக்கொண்டதை இங்கே எழுதியிருக்கிறேன். நான் வழக்கறிஞர் அல்ல. தேவை வந்ததால் சட்டத்தைப் படித்தவள்.

கேட்பதற்குச் சட்டத்தில் இடம் இருக்கிறதா? இல்லை, நிறுவனம் மனது வைத்தால்தானா?

இடம் இருக்கிறது. மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் 2016-ல் நிறைவேறி, 2017 ஏப்ரல் 19 முதல் நடைமுறையில் உள்ளது. 'நியாயமான ஏற்பாடு' என்ற ஒரு கருத்தை அது வரையறுக்கிறது. மாற்றுத்திறனாளி ஒருவர் மற்றவர்களுக்குச் சமமாகத் தம் உரிமையை அனுபவிக்க, அவர் நிலைமைக்குத் தேவையான, பொருத்தமான மாற்றங்களைச் செய்து கொடுக்க வேண்டும். அந்த மாற்றம் செய்து கொடுப்பவர் மேல் அளவுக்கு மீறிய சுமையாக விழக்கூடாது. அவ்வளவுதான் அதன் பொருள். வாசலில் போடும் சாய்தளம் ஓர் ஏற்பாடு. பார்வையற்றவருக்குத் திரையை வாசித்துக் காட்டும் மென்பொருள் ஓர் ஏற்பாடு. வேலை நேரத்தை மாற்றித் தருவதும் வேலை பார்க்கும் இடத்தை மாற்றித் தருவதும் அதே வகைதான்.

ஆனால் ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். 'வீட்டிலிருந்து வேலை' என்ற சொற்கள் இந்தச் சட்டத்தில் இல்லை. மகப்பேறு நலச் சட்டத்தில் 2017-ல் கொண்டுவந்த திருத்தம் அந்தச் சொற்களை வெளிப்படையாகவே பயன்படுத்தியது. அங்கும்கூட வேலையின் தன்மை இடம்கொடுத்து, இரு தரப்பும் ஒப்புக்கொண்டால்தான். ஆகவே "வீட்டிலிருந்து வேலை பார்ப்பது என் உரிமை" என்று எழுதாதீர்கள். "நியாயமான ஏற்பாடு என் உரிமை; என் உடல்நிலைக்கும் என் வேலைக்கும் பொருந்தும் ஏற்பாடு இது" என்று எழுதுங்கள். முதல் வாக்கியத்தை ஒரு சொல்லில் மறுத்துவிடலாம். இரண்டாவதை மறுக்க அவர்கள் காரணம் தேட வேண்டியிருக்கும்.

எனக்கு 40 சதவீதம் இல்லை. அடையாள அட்டையும் இல்லை. நான் கேட்கலாமா?

கேட்கலாம். 40 சதவீதம் என்ற எல்லை வேலைவாய்ப்பு இடஒதுக்கீடு போன்ற சில பலன்களுக்கானது. சட்டம் மாற்றுத்திறனாளி என்று சொல்வது, நீண்டகாலக் குறைபாட்டினால் சமூகத்தில் மற்றவர்களுக்கு ஈடாகப் பங்கேற்க முடியாமல் தடைகளைச் சந்திக்கும் எவரையும்தான். 2021 பிப்ரவரியில் விகாஷ் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாக்கியது. அவர் குடிமைப் பணித் தேர்வு எழுதியவர்; எழுதும்போது கை இழுத்துக்கொள்ளும் நரம்புப் பிரச்சினை அவருக்கு இருந்தது. 40 சதவீதம் இல்லாததால், சொல்வதைக் கேட்டு எழுதும் எழுத்தர் ஒருவரை வைத்துக்கொள்ள அவருக்கு அனுமதி மறுக்கப்பட்டது. நியாயமான ஏற்பாட்டுக்கு அந்தச் சதவீத எல்லையைப் பொருத்தக் கூடாது என்று நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இந்தத் தீர்ப்பின் பெயரைக் கடிதத்தில் ஒரு வரியில் குறிப்பிடுங்கள். எதிரே படிப்பவர் நிமிர்ந்து உட்காருவார்.

சட்டத்தின் பட்டியலில் 21 வகைகள் உள்ளன. வெளியே தெரியாத பலவும் அதில் உண்டு: மனநோய், தண்டுவட மரப்பு நோய், பார்க்கின்சன், ஹீமோபீலியா, தலசீமியா, குறிப்பிட்ட கற்றல் குறைபாடுகள். "உன்னைப் பார்த்தால் ஒன்றும் தெரியவில்லையே" என்று யாராவது சொன்னால் அதற்குச் சட்டத்தில் எந்த மதிப்பும் இல்லை.

நான் தனியார் நிறுவனத்தில் இருக்கிறேன். இதெல்லாம் அரசு ஊழியர்களுக்குத்தானே?

அதிகம் பேர் தடுக்கி விழும் இடம் இது. அவர்கள் அப்படி நினைப்பதிலும் பாதி உண்மை இருக்கிறது. வேலையில் நியாயமான ஏற்பாடு செய்து தர வேண்டும் என்று நேரடியாகக் கட்டளையிடும் 20-வது பிரிவு அரசு நிறுவனங்களைத்தான் பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது. மனிதவளப் பிரிவு (எச்.ஆர்.) அதிகாரி சட்டம் படித்தவராக இருந்தால் அதைத்தான் காட்டுவார். என்னிடமும் காட்டினார்கள்.

நீங்கள் வேறு வாசல் வழியாகப் போக வேண்டும். 3-வது பிரிவு, மாற்றுத்திறன் காரணமாக எவரையும் பாகுபடுத்தக் கூடாது என்கிறது. பாகுபாடு என்றால் என்ன என்பதை 2-வது பிரிவு விளக்கும்போது, நியாயமான ஏற்பாட்டை மறுப்பதும் பாகுபாடுதான் என்று சேர்த்தே சொல்கிறது. அடுத்து, இந்தச் சட்டத்துக்கான மத்திய அரசின் 2017 விதிகளில் 3-வது விதி. 20 பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்யும் தனியார் நிறுவனத்தின் தலைவரிடம் பாகுபாடு பற்றிய புகார் வந்தால், அவர் சட்டப்படி நடவடிக்கை எடுக்க வேண்டும். இல்லையேல், அந்த மறுப்பு எப்படி ஒரு நியாயமான நோக்கத்துக்கு அளவான வழி என்பதைப் புகார் கொடுத்தவருக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும். 'எழுத்தில்' என்ற அந்த ஒரு சொல்தான் உங்கள் பிடி. வாயால் "பார்க்கலாம் அம்மா" என்று சொல்லி ஆறு மாதம் ஓட்ட முடியும். எழுத்தில் காரணம் சொல்ல வேண்டும் என்றால் அவர்களும் ஒருமுறை யோசிப்பார்கள்.

இன்னொன்று: 21-வது பிரிவின்படி ஒவ்வொரு நிறுவனமும் சமவாய்ப்புக் கொள்கை ஒன்றை வெளியிட வேண்டும். 20 பேர் அல்லது அதற்கு மேல் உள்ள தனியார் நிறுவனமானால் அதில் என்னென்ன வசதிகள், உதவிக் கருவிகள், சிறப்பு விடுப்பு, யார் தொடர்பு அதிகாரி என்பதெல்லாம் இருக்க வேண்டும். அதன் பிரதியை முதலில் கேட்டு வாங்குங்கள். பல நிறுவனங்களில் அது இருக்காது. அதுவும் உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டிய செய்திதான்.

நான் அரசு ஊழியர். எனக்கு என்ன வழி?

20-வது பிரிவே உங்களுக்குப் பேசும். ஒவ்வொரு அரசு நிறுவனத்திலும் குறைதீர் அலுவலர் ஒருவர் இருக்க வேண்டும் என்கிறது 23-வது பிரிவு. புகார் பதிவான இரண்டு வாரத்துக்குள் அவர் விசாரிக்க வேண்டும். அதில் நிறைவில்லை என்றால் மாவட்ட அளவிலான குழுவிடம் போகலாம். பணியில் இருக்கும்போது மாற்றுத்திறனாளியாகிவிட்ட ஒருவரை வேலையை விட்டு நீக்கவோ பதவி இறக்கவோ முடியாது. பழைய வேலை முடியாவிட்டால் அதே சம்பளத்தில் வேறு பணியிடம் தர வேண்டும்.

"அரசு வேலையில் வீட்டிலிருந்தா?" என்று கேட்பவர்களுக்கு ஒரு நினைவூட்டல். 2022 ஜனவரியில் தொற்று மீண்டும் பரவியபோது, மத்திய அரசு தன் மாற்றுத்திறனாளி ஊழியர்களுக்கும் கர்ப்பிணி ஊழியர்களுக்கும் அலுவலகம் வருவதிலிருந்து விலக்களித்து வீட்டிலிருந்து வேலை பார்க்கச் சொன்னது. அது தற்காலிக ஆணைதான், இன்று அதைக் காட்டி உரிமை கோர முடியாது. ஆனால் முடியாத காரியம் அல்ல என்பதற்குச் சாட்சி. வகுப்பெடுக்கும் ஆசிரியருக்கும் ஆய்வகத்தில் நிற்பவருக்கும் முழு நேரமும் இது பொருந்தாது. அவர்கள் நேர மாற்றம், தரைத்தள அறை, வாரத்தில் ஒரு நாள் கோப்புப் பணி என்று கேட்பது பலன் தரும்.

மேலாளர் நல்லவர். வாயால் கேட்டால் போதாதா?

நான் அப்படித்தான் கேட்டேன். என் மேலாளரும் நல்லவர். தொலைபேசியில் அழுதுவிட்டேன், அவரும் கலங்கினார். "நான் மேலே பேசுகிறேன்" என்றார். மூன்று வாரம் கழித்து, "நிறுவனக் கொள்கை இடம் தரவில்லை" என்று ஒரு வரி வந்தது. மேலே என்ன பேசப்பட்டது என்று எனக்குத் தெரியாது. என் துன்பம் மட்டும் போய்ச் சேர்ந்திருக்கிறது. என் வேலை போய்ச் சேரவில்லை.

நம் ஊர்ப் பழைய வீடுகளில் பெட்டகத்தைத் திறந்தால் இன்னும் பேரேடுகளும் ஐந்தொகைத் தாள்களும் கிடைக்கும். கொண்டுவிக்க, அதாவது கடல்கடந்து தொழில் செய்ய, போன காலத்தில் முதலாளி இங்கே இருந்தார், கடை ரங்கூனிலோ மலாயாவிலோ இருந்தது. ஏஜெண்டு மூன்று ஆண்டுத் தவணைக்குப் போய்க் கடையை நடத்தினார். இருவருக்கும் நடுவில் கடல். கப்பலில் வந்த கடிதமும் கணக்கும்தான் அவர்களை நம்ப வைத்தன. வேலை செய்கிறவரைக் கண்ணெதிரே வைத்திருந்தால்தான் தொழில் நடக்கும் என்று செட்டிநாட்டில் யாரும் சொல்ல முடியாது. என் அப்பா இதைச் சொன்னபோதுதான் எனக்கு உறைத்தது. இரண்டாம் முறை நான் அனுப்பியது ஒரு கணக்கு. ஊரடங்கு மாதங்களில் நான் சரிபார்த்த பில்கள் எத்தனை, ஜி.எஸ்.டி. படிவங்கள் எந்தத் தேதியில் போயின, தவறு எத்தனை, அதற்கு முந்தைய ஆண்டு அலுவலகத்தில் இருந்தபோது எத்தனை. இரண்டு பக்கம்.

மேலாளரிடம் முதலில் வாயால் சொல்வது மரியாதை. சொல்லுங்கள். அன்று மாலையே மின்னஞ்சலும் போக வேண்டும்.

கடிதத்தில் என்னென்ன எழுத வேண்டும்?

ஒன்றரைப் பக்கத்துக்கு மேல் வேண்டாம். நிறுவனத்துக்கு ஆங்கிலத்தில்தான் அனுப்ப வேண்டியிருக்கும். ஆனால் முதலில் தமிழில் எழுதிப் பாருங்கள். தமிழில் தெளிவாக வராத விஷயம் ஆங்கிலத்தில் மூடுமந்திரமாகிவிடும்.

தொடக்கத்திலேயே, இது 2016 சட்டத்தின்படி நியாயமான ஏற்பாடு கேட்கும் விண்ணப்பம் என்று ஒரு வரி. அடுத்து, உடல்நிலை வேலையில் எங்கே முட்டுகிறது என்பது. இதில்தான் பெரும்பாலான கடிதங்கள் தோற்கின்றன. "எனக்கு மிகவும் சிரமமாக இருக்கிறது" என்பது யாருக்கும் எதையும் சொல்லாது. நான் எழுதியது இப்படி இருந்தது:

"இரண்டு மணி நேரத்துக்கு மேல் தொடர்ந்து உட்கார முடியாது. ஒவ்வொரு இரண்டு மணி நேரத்துக்கும் 20 நிமிடம் படுக்க வேண்டும். சிறுநீர்ப்பைக் கட்டுப்பாடு பாதிக்கப்பட்டிருப்பதால் மணிக்கொரு முறை கழிவறை தேவை. சென்னையிலேயே தங்கினாலும் அலுவலகத்துக்குப் போகவர மூன்று மணி நேரம் ஆகும். அந்த மூன்று மணி நேரத்தில் இந்த இரண்டுமே முடியாது. வீட்டில் இரண்டும் முடியும். எட்டு மணி நேர வேலையும் முழுமையாக முடியும்."

சிறுநீர் பற்றிய அந்த வரியை எழுத எனக்கு நான்கு நாள் ஆனது. வெட்கம். எழுதிய பிறகுதான் தெரிந்தது, கடிதத்திலேயே யாராலும் பதில் பேச முடியாத வரி அதுதான் என்று. நீங்கள் எழுதத் தயங்கும் வரி ஒன்று இருக்கும். அதை எழுத வேண்டும் என்று நான் கட்டாயப்படுத்த மாட்டேன். ஆனால் வெட்கம் மட்டுமே காரணம் என்றால், நம் உடல் செய்கிற காரியத்தில் வெட்கப்பட ஒன்றுமில்லை என்று அக்காவாக நினைத்துச் சொல்கிறேன்.

பிறகு வேலைப் பட்டியல். நீங்கள் செய்யும் ஒவ்வொரு வேலையையும் எழுதி, எதை வீட்டிலிருந்து செய்யலாம், எதற்கு நேரில் வர வேண்டும் என்று பிரியுங்கள். என் பட்டியலில் 14 வேலைகள். 12 வீட்டிலிருந்து முடிந்தவை. காசோலைகளில் கையெழுத்து வாங்குவதும், தணிக்கையாளர் வரும்போது மூல ஆவணங்களை எடுத்துக் கொடுப்பதும் முடியாதவை. அந்த இரண்டையும் நானே சொல்லி, அவற்றுக்கு வழியும் நானே எழுதினேன்: காசோலை வேலையைப் பக்கத்து மேசைச் சகோதரி எடுத்துக்கொள்வார், அவருடைய வங்கிக் கணக்கு ஒத்துப்பார்க்கும் வேலையை நான் எடுத்துக்கொள்கிறேன். அவரிடம் முன்பே பேசிச் சம்மதம் வாங்கியிருந்தேன். முடியாததை நீங்களே முதலில் சொன்னால், முடியும் என்று நீங்கள் சொல்வதை நம்புவார்கள்.

கடைசியாக, மூன்று மாத வெள்ளோட்டம் கேளுங்கள். எதை வைத்து வெற்றி தோல்வியை அளப்பது என்பதையும் அதில் எழுதுங்கள். பதிலுக்கு ஒரு தேதி குறிப்பிடுங்கள். 15 நாள் போதும்.

நோயின் பெயரைச் சொல்லியே ஆக வேண்டுமா?

வேலைக்குத் தேவையான அளவு சொன்னால் போதும் என்பது என் கருத்து. குறிப்பாக மனநலப் பிரச்சினை உள்ளவர்கள் இதைக் கேட்கிறார்கள். 2017-ன் மனநலப் பராமரிப்புச் சட்டம் சிகிச்சை விவரங்களின் இரகசியத்தை உரிமையாகவே தருகிறது. மருத்துவரிடம் சான்று வாங்கும்போது, நோயின் வரலாற்றை எழுதாமல், 'நெரிசலில் நீண்ட பயணம் கூடாது, இரைச்சலான கூடத்தில் தொடர்ந்து வேலை செய்ய முடியாது, இந்த நிலை இவ்வளவு காலம் நீடிக்கும்' என்று வேலையோடு தொடர்புள்ளதை எழுதித் தரச் சொல்லுங்கள். மருத்துவர்கள் அவசரத்தில் 'ஓய்வு தேவை' என்று எழுதிவிடுவார்கள். அந்த இரண்டு சொல் உங்களை வேலைக்கு லாயக்கில்லாதவராகக் காட்டிவிடும். ஓய்வு என்ற சொல்லே சான்றில் வர வேண்டாம். நீங்கள் கேட்பது வேலை.

விவரம் எச்.ஆர். வரைக்கும் போதும், குழுவில் உள்ள எல்லோருக்கும் தெரிய வேண்டியதில்லை என்று கடிதத்தில் ஒரு வரி சேர்த்துவிடுங்கள்.

அடையாள அட்டைக்கு எங்கே போவது?

நாடு முழுவதற்குமான தனித்துவ அடையாள அட்டைக்கு ஸ்வாவலம்பன் இணையதளத்தில் விண்ணப்பிக்க வேண்டும். செட்டிநாடு இரண்டு மாவட்டங்களில் பரந்து கிடப்பதால் முதலில் உங்கள் ஊர் சிவகங்கையில் வருகிறதா, புதுக்கோட்டையில் வருகிறதா என்று பார்த்து, அந்த மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் விசாரியுங்கள். அட்டை வரும் வரை கடிதத்தை நிறுத்திவைக்க வேண்டாம். சிகிச்சை தரும் மருத்துவரின் சான்றோடு அனுப்பிவிடலாம்.

எங்கள் வீடு பழைய வீடு. அங்கிருந்து வேலை நடக்குமா?

நடக்கும். ஆனால் நிறுவனம் கேட்பதற்கு முன் நீங்கள் பார்த்து வைக்க வேண்டியவை சில உண்டு.

முகப்பு, முற்றத்தைச் சுற்றிய வளவு, அதற்குப் பின் இரண்டாங்கட்டு என்று போகும் வீட்டில் சுவர்கள் தடிமன். முகப்பில் வைத்த ரூட்டரின் வைஃபை இரண்டாங்கட்டுக்குள் நுழைவதற்குள் செத்துவிடும். என் வீட்டில் இரண்டு மாதம் இதனால் அவதிப்பட்டேன். கூட்டத்தில் பாதி வாக்கியத்தில் உறைந்துபோவேன். கடைசியில் முகப்பிலிருந்து வேலை அறை வரைக்கும் கம்பியே இழுத்துவிட்டோம். அன்றோடு தீர்ந்தது. மழைக்காலத்தில் இடி இடித்தால் அந்தக் கம்பியைக் கழற்றிவிடுங்கள்.

மின்வாரியத்தின் மாதாந்திரப் பராமரிப்பு நாளில் காலை ஒன்பது மணிக்குப் போன மின்சாரம் பிற்பகலில்தான் வரும். தேதி முன்கூட்டியே செய்தித்தாளில் வந்துவிடும். அன்றைக்கு இன்வெர்ட்டர், இரண்டாவதாக ஒரு கைபேசி இணைப்பு, இரண்டும் இருப்பதாகக் கடிதத்திலேயே எழுதுங்கள். மேலாளர்களுக்கு நம் பக்கத்து ஊர்கள் என்றாலே மின்சாரம் வராத கிராமம் என்ற எண்ணம் உண்டு.

வீட்டுக்குள் நடமாட்டம் வேறு கதை. இந்த வீடுகளைக் கட்டியவர்கள் அழகாகக் கட்டினார்கள், சக்கர நாற்காலியை நினைத்துக் கட்டவில்லை. கட்டுக்குக் கட்டு நிலைவாசற்படி, முற்றத்துக்கு இறக்கம், திண்ணைக்கு ஏற்றம். ஆத்தங்குடிக் கல் பதித்த தரை ஈரம் பட்டால் ஊன்றுகோலுக்கு வழுக்கும். ஊன்றுகோலின் ரப்பர் நுனி தேய்ந்ததும் மாற்றிவிடுங்கள். வேலை அறையும் கழிவறையும் ஒரே கட்டில், நடுவில் படி இல்லாமல் இருப்பது மற்ற எல்லாவற்றையும்விட முக்கியம். வாசற்படிகளுக்கு மரத்தில் சிறு சரிவுப் பலகை செய்து வைக்கலாம். பழைய தேக்கு நிலையை அறுக்க வேண்டியதில்லை, பெரியவர்களோடு சண்டையும் வராது.

நாற்காலி, இணையக் கட்டணம் இவற்றுக்கெல்லாம் யார் செலவு செய்வது?

நியாயமான ஏற்பாட்டுக்கு ஆகும் செலவை, முழுவதுமாகவோ பகுதியாகவோ, மாற்றுத்திறனாளியின் தலையில் கட்டக் கூடாது என்று அதே 3-வது விதி சொல்கிறது. கணினி, திரை வாசிப்பான், பொருத்தமான நாற்காலி ஆகியவற்றைத் தயங்காமல் கேளுங்கள். வீட்டுக்கு இழுத்த கம்பிக்கு நான் பணம் கேட்கவில்லை. அது வீட்டுக்கும் பயன்படுகிறது. நாற்காலிக்குக் கேட்டு வாங்கினேன்.

மறுத்துவிட்டால்?

முதல் மறுப்போடு கதை முடிவதில்லை. காரணத்தை எழுத்தில் கேளுங்கள். என்ன காரணம் சொல்கிறார்கள் என்பதைப் பொறுத்துத்தான் அடுத்த அடி.

"உனக்குக் கொடுத்தால் எல்லோரும் கேட்பார்கள்" என்பது அதிகம் கேட்கப்படுவது. எல்லோரும் கேட்கட்டும், உங்கள் விண்ணப்பம் உங்கள் உடல்நிலையை வைத்துத் தனியாகப் பரிசீலிக்கப்பட வேண்டியது. "தகவல் பாதுகாப்பு" என்றால், ஊரடங்கில் எந்தப் பாதுகாப்போடு நீங்கள் வேலை பார்த்தீர்களோ அதை நினைவுபடுத்துங்கள். நிறுவனத்தின் கணினி, பூட்டுள்ள அறை என்று உறுதி கொடுங்கள். "நாங்கள் சிறப்புப் பொருளாதார மண்டலத்தில் இருக்கிறோம், வெளியே வேலை பார்க்க அனுமதி இல்லை" என்றால், 2022 ஜூலையில் அந்த மண்டல விதிகளில் 43ஏ சேர்க்கப்பட்டு வீட்டிலிருந்து வேலை பார்க்க வழி செய்யப்பட்டதைச் சுட்டிக்காட்டுங்கள். "குழு உணர்வு கெடும்" என்பதற்கு மட்டும் எனக்கு நேரான பதில் தெரியவில்லை. நான் தினமும் காலையில் பத்து நிமிடம் காணொளியில் வருவதாகச் சொன்னேன், ஒப்புக்கொண்டார்கள்.

முழுதாகக் கிடைக்காவிட்டால் பாதியை வாங்கிக்கொள்ளலாமா என்று கேட்கிறார்கள். உடல் தாங்குமானால் வாங்கிக்கொள்ளுங்கள். வாரம் இரண்டு நாள் சென்னை என்றால், காரைக்குடியிலிருந்து அது நடவாத காரியம்; மதுரை அல்லது திருச்சி என்றால் சிலருக்கு முடியலாம். தாங்காது என்று தெரிந்தும் நன்றிக்காகத் தலையாட்டாதீர்கள். இரண்டு மாதத்தில் உடல் விழுந்துவிட்டால், "வாய்ப்புக் கொடுத்தோம், முடியவில்லை" என்று பதிவாகிவிடும்.

எதுவும் நடக்கவில்லை என்றால் மாற்றுத்திறனாளிகளுக்கான மாநில ஆணையருக்கு எழுதலாம். 2017 விதிகள் ஆணையர் புகாரை முடிக்க 60 நாள் வரம்பு வைக்கின்றன. ஆணையர் தருவது பரிந்துரைதான். ஆனால் ஆட்களை அழைக்கவும் ஆவணங்களைக் கேட்கவும் சிவில் நீதிமன்றத்துக்கு உள்ள அதிகாரம் அவருக்கு உண்டு. சட்டத்தை மீறினால் முதல்முறை 10,000 ரூபாய் வரை, மீண்டும் மீறினால் 50,000 முதல் 5 லட்சம் ரூபாய் வரை அபராதம் என்கிறது 89-வது பிரிவு. வழக்கறிஞருக்குப் பணம் இல்லையே என்று நின்றுவிடாதீர்கள். மாற்றுத்திறனாளிகளுக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவச சட்ட உதவி உண்டு. மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் கேளுங்கள், அல்லது 15100 என்ற எண்ணில் அழையுங்கள்.

வீட்டிலிருந்து பார்த்தால் சம்பளத்தைக் குறைப்போம் என்கிறார்கள்.

அதே வேலை, அதே நேரம் என்றால் குறைக்க நியாயம் இல்லை. ஏற்பாட்டின் செலவை உங்களிடமே வாங்குவது போன்றது அது. கையெழுத்துப் போடாதீர்கள்.

என் நிறுவனம் வெளிநாட்டில் இருக்கிறது. அந்த நாட்டுச் சட்டம் எனக்கு உதவுமா?

நம் பகுதியில் சிங்கப்பூர்த் தொடர்பு இல்லாத தெரு இல்லை, அதனால் இந்தக் கேள்வி அடிக்கடி வருகிறது. சிங்கப்பூரிலேயே வேலை பார்ப்பவர்களுக்கு, 2024 டிசம்பர் 1 முதல் நெகிழ்வான வேலை ஏற்பாடு குறித்த முத்தரப்பு வழிகாட்டுதல்கள் உள்ளன. முறையாக எழுதிக் கேட்டால் முதலாளி பரிசீலித்து இரண்டு மாதத்துக்குள் எழுத்தில் பதில் சொல்ல வேண்டும்; ஒப்புக்கொண்டே ஆக வேண்டும் என்பதில்லை. அமெரிக்காவின் 1990-ம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் சட்டம் வலுவானது. ஆனால் இந்தியக் குடிமகன் கானாடுகாத்தானில் உட்கார்ந்து அமெரிக்க நிறுவனத்துக்கு வேலை பார்த்தால் அது அவருக்கு வராது. அங்கே உள்ள தலைமையகத்தில் இப்படி ஒரு நடைமுறை பழகியிருக்கும் என்பதால், அந்த நிறுவனத்தின் உள்கொள்கையைக் கேட்டுப் பார்ப்பது நல்லது. சட்டமாக உங்களுக்குத் துணை நிற்பது நம் 2016 சட்டம்தான்.

அலுவலகத்தில் சாய்தளம் கேட்டேன். "நீங்கள் வீட்டிலேயே இருந்துகொள்ளுங்கள்" என்கிறார்கள். சரியா?

இல்லை. இதில் எனக்குக் கோபம் வரும். வீட்டிலிருந்து வேலை என்பது நாம் கேட்டுப் பெறும் ஏற்பாடு. படிக்கட்டை மாற்றச் சோம்பல்பட்டு நம்மைக் கண்ணுக்கு மறைவாக அனுப்பி வைக்கும் வழி அல்ல. அலுவலகத்துக்குப் போக விரும்பும் இளைஞருக்குச் சாய்தளமும் கழிவறையும்தான் ஏற்பாடு. நான் வீட்டிலிருந்து வேலை பார்க்கிறேன் என்பதைக் காட்டி அவருக்கு மறுத்தால், அவருக்காக எழுதும் கடிதத்தில் முதல் கையெழுத்து என்னுடையதாக இருக்கும்.

வீட்டில் இருப்பவர்களுக்கு இது வேலை என்று புரிய வைப்பது எப்படி?

என் ஆச்சிக்குப் புரிய ஓராண்டு ஆனது. "வீட்டில்தானே இருக்கிறாய், கொஞ்சம் இந்த வெங்காயத்தை உரித்துவிடு" என்பார். வளவில் விசேஷம் என்றால் ஊரே கூடும். நான் காதில் ஹெட்செட்டோடு உள்ளே இருப்பேன். வந்தவர்கள் எட்டிப் பார்த்து, "பாவம், எங்கும் போக முடியாமல் கிடக்கிறாள்" என்பார்கள். சம்பள நாளில் ஆச்சி கையில் நானே பணம் கொடுக்கத் தொடங்கினேன். அதன் பிறகு விருந்தாளிகளிடம் அவரே சொல்கிறார்: "அவள் ஆபீசில் இருக்கிறாள், சத்தம் போடாதீர்கள்."

ஏற்பாடு கிடைத்துவிட்டது. ஆனால் மூன்று மாதத்துக்கு ஒருமுறை நேரில் வர வேண்டும் என்கிறார்கள்.

அதற்கு நான் ஒப்புக்கொண்டேன். பல்லவன் பகல் ரயிலில் உட்கார்ந்தே போக என் முதுகு விடாது. ராமேஸ்வரத்திலிருந்து காரைக்குடி வழியாகப் போகும் இரவு ரயிலில் கீழ்ப்படுக்கையில் படுத்துக்கொண்டு போகிறேன். துணைக்குத் தம்பி வருகிறான். போகும் தேதியை ஒரு மாதம் முன்பே சொல்ல வேண்டும், துணைக்கு வருபவரின் டிக்கெட் செலவும் நிறுவனத்தைச் சேர்ந்தது, போய் இறங்கும் நாளில் மதியத்துக்குப் பிறகுதான் கூட்டம் என்ற மூன்றையும் அனுமதிக் கடிதத்திலேயே எழுதி வாங்கியிருக்கிறேன். நீங்களும் எழுதி வாங்குங்கள்.